மலைக்கு அடியில் எவ்வளவு வேர்? நீலகிரியை வைத்து ஒரு கணக்கு

மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரி போகிற பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த அக்கா மகள், முதல் கொண்டை ஊசி வளைவு தாண்டியதும் திரும்பி ஒரு கேள்வி கேட்டாள். “ஏனுங் மாமா, இத்தாத்தண்டி மலை இத்தனை கனத்தோட உக்காந்திருக்குதே, அடியில பூமி அமுங்கிப் போகாதுங்களா?”

“அமுங்கித்தான் கண்ணு கெடக்குது. எவ்வளவு அமுங்கியிருக்குதுன்னு கணக்கே போட்டுரலாம், காயிதம் இருக்குதா?”

காயிதம் இல்லை. கையில் இருந்தது பஸ் டிக்கெட், அதுவும் இப்போது மெஷினில் வருகிற விரலளவுத் துண்டு, அதன் முதுகில் சூத்திரத்தை எழுதியதோடு இடம் முடிந்துவிட்டது. மீதியை வாயால்தான் சொன்னேன், பாதி அவளுக்குப் புரியவில்லை, பஸ் சத்தம் வேறு. அதனால் முழுசாக இங்கே எழுதுகிறேன். பெருக்கலும் வகுத்தலும் தெரிந்தால் போதும். ஆனால் எந்த இடத்தில் எந்த எண்ணைப் போடுவது என்பதில்தான் ஆட்கள் சறுக்குவார்கள், நான் எம்.எஸ்சி. படிக்கும்போது நன்றாகவே சறுக்கினேன், அதைப் பின்னால் சொல்கிறேன்.

முதலில் கிணற்றுக்குப் போவோம். எங்கள் பக்கம் நீச்சல் பழக்கியது முதுகில் சுரைப்புருடையைக் கட்டித்தான், அது கிடைக்காத நாளில் வெட்டிப் போட்ட வாழைமரம். ஒல்லி மரம் ஒன்றும் தடித்த மரம் ஒன்றும் தண்ணீரில் கிடந்தால் தடித்ததுதான் தண்ணீருக்கு மேலே அதிகம் தெரியும், சரி, ஆனால் அடியில் கைவிட்டுத் தடவிப் பார்த்தால் முழுகிக் கிடப்பதும் அதுதான் அதிகம். மேலே கூடினால் கீழேயும் கூடும். மலையும் அப்படியே. பூமியின் மேலோடு இலேசான பாறை, அதற்குக் கீழே இருக்கும் கவசம் கனமான பாறை, இலேசானது கனமானதன் மேல் மிதக்கிறது. மலை இருக்கும் இடத்தில் மேலோடு தடித்திருக்கிறது, அந்தத் தடிப்பில் கொஞ்சம் மேலே மலையாகத் தெரிகிறது, பெரும்பங்கு கீழே கவசத்துக்குள் இறங்கி நிற்கிறது. கீழே இறங்கிய அந்தப் பகுதிக்குத்தான் வேர் என்று பெயர். இப்படி மிதந்து நிற்கும் சமநிலைக்கு ஐசோஸ்டசி என்று பெயர் வைத்தவர் டட்டன் என்ற அமெரிக்க நிலவியலாளர், 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில்.

கவசம் என்ன தண்ணீரா என்று கேட்பீர்கள். இல்லை, கெட்டிப் பாறைதான். ஆனால் ரோட்டுக்குப் போடும் தார் கட்டியை நினைத்துக்கொள்ளுங்கள், சுத்தியலால் அடித்தால் உடையும், டின்னில் சாய்த்து வைத்துவிட்டு ஒரு மாதம் கழித்து வந்து பார்த்தால் வழிந்திருக்கும். கவசப் பாறைக்கு மாதக்கணக்கு பத்தாது, ஆயிரக்கணக்கான ஆண்டுகள் கொடுத்தால் அதுவும் அப்படி நகர்ந்து கொடுக்கும்.

இனி சூத்திரம். மனப்பாடம் செய்யாதீர்கள், ஒரு நிமிடத்தில் நீங்களே வரவழைத்துக்கொள்ளலாம். கடல் மட்டத்தை ஒட்டிய சமவெளியில் ஒரு தூண், மலைக்கு நேர் கீழே ஒரு தூண், இரண்டையும் ஒரே ஆழம் வரை மனதுக்குள் வெட்டி எடுங்கள். எந்த ஆழம் வரை? மலை வேரின் அடிநுனி வரை. மிதக்கிற பொருள் சமநிலையில் நிற்கிறது என்றால் அந்த ஆழத்தில் இரண்டு தூணும் ஒரே அளவு அழுத்த வேண்டும், இல்லையென்றால் கவசப் பாறை அழுத்தம் கூடின பக்கத்திலிருந்து குறைந்த பக்கத்துக்கு நகர்ந்து சரிசெய்துவிடும். மலைத் தூணில் மேலிருந்து கீழ்வரை மேலோட்டுப் பாறை மட்டுமே: மலை உயரம், சாதாரண மேலோடு, வேர். சமவெளித் தூணில் சாதாரண மேலோடு, அதற்குக் கீழே வேரின் நீளத்துக்குக் கவசப் பாறை. இரண்டிலும் பொதுவாக இருக்கும் சாதாரண மேலோட்டை அடித்துவிடுங்கள். மிச்சம் நிற்பது:

உயரம் × மேலோட்டு அடர்த்தி = வேர் × (கவச அடர்த்தி − மேலோட்டு அடர்த்தி)

அவ்வளவுதான். மலை கூட்டிய கனத்தை, வேர் இருக்கும் இடத்தில் கனமான பாறைக்குப் பதிலாக இலேசான பாறை இருப்பதால் வந்த குறைச்சல் ஈடுகட்டுகிறது. வேரை மட்டும் ஒரு பக்கம் வைத்தால்:

வேர் = உயரம் × மேலோட்டு அடர்த்தி ÷ (கவச அடர்த்தி − மேலோட்டு அடர்த்தி)

வழக்கமாகப் போடும் அடர்த்திகள் மேலோட்டுக்கு 2.8, கவசத்துக்கு 3.3, இரண்டும் ஒரு கன சென்டிமீட்டருக்கு இத்தனை கிராம் என்ற கணக்கு. 2.8-ஐ 0.5-ஆல் வகுத்தால் 5.6. மேலே ஒரு கிலோமீட்டர் மலை என்றால் கீழே ஐந்தரைக் கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேலே வேர். பஸ் டிக்கெட்டில் எழுதினது இந்த 5.6 வரைக்கும்தான்.

இது ஏரி என்ற ஆங்கிலேய வானியலாளர் 1855-இல் சொன்ன வழி. அவரை அதற்குத் தூண்டிவிட்டது நம் நாட்டுச் சங்கதி. மதராஸில் 1802-இல் லாம்டன் தொடங்கிவைத்த பெரிய நில அளவை, 78 டிகிரி தீர்க்கரேகையை ஒட்டி, அதாவது நம் கரூர்ப் பக்கமாக, குமரியிலிருந்து இமயமலை வரைக்கும் போனது. வடக்கே கல்யாண்பூர், கல்யாணா என்ற இரண்டு இடங்களுக்கு நடுவில் நட்சத்திரம் பார்த்துப் போட்ட கணக்கும் நிலத்தில் சங்கிலி பிடித்து முக்கோணம் போட்ட கணக்கும் ஐந்து விநாடிக் கோணத்துக்குக் கொஞ்சம் மேலே ஒத்துவராமல் நின்றது. கொத்தனார் சுவருக்குப் பிடிக்கிற தூக்குக்குண்டை இமயமலை தன் பக்கம் இழுப்பதால்தான் இந்த வித்தியாசம் என்று வைத்துக்கொண்டு, எவ்வளவு இழுக்க வேண்டும் என்று கல்கத்தாவில் பாதிரியாராக இருந்த பிராட் கணக்குப் போட்டார். பதினைந்து விநாடிக்கு மேல் வந்தது. மலை இழுக்க வேண்டியதில் மூன்றில் ஒரு பங்குதான் இழுக்கிறது! மலைக்கு அடியில் இலேசான வேர் இருக்கிறது, அதனால்தான் இழுப்பு குறைகிறது என்று ஏரி சொன்னார். பிராட்டோ வேர் என்று ஒன்று இல்லை, மலைப் பாறையே அடர்த்தி குறைந்தது என்று வேறு வழி சொன்னார். இரண்டிலும் உண்மை உண்டு. வேர் கணக்குக்கு ஏரி வழிதான் வேண்டும்.

சரி, சூத்திரத்தில் மூன்று எண்கள் போகின்றன. உயரத்திலிருந்து தொடங்கலாம், ஏனென்றால் நான் சறுக்கிய இடம் அதுதான்.

எம்.எஸ்சி. செய்முறைத் தேர்வில் நீலகிரிக்கு வேர் கண்டுபிடி என்று கேட்டிருந்தார்கள். தொட்டபெட்டா 2,637 மீட்டர் என்று எனக்கு மனப்பாடம், அதையே தூக்கிப் போட்டு 14.8 கி.மீ. என்று எழுதி இரண்டு கோடும் இழுத்துவிட்டேன். விடைத்தாள் திரும்பி வந்தபோது ஓரத்தில் சிவப்பு மையில் “சிகரத்துக்கா வேர்?” என்று இருந்தது. கோபம் வந்தது, ஆனால் கேள்வி நியாயமானது. மேலோட்டை அழுத்துவது ஒரு முகடு அல்ல, மொத்த மலையும்தான். தொட்டபெட்டா உச்சி அந்த மலை மேட்டில் ஒரு புடைப்பு, அவ்வளவே. போட வேண்டியது சராசரி உயரம்.

சராசரியை எப்படி எடுப்பது? கூகுள் எர்த்தில் சுட்டியை நகர்த்தினால் அடியில் உயரம் வந்துகொண்டே இருக்கும், பத்து கிலோமீட்டருக்கு ஒரு கட்டம் என்று மனசுக்குள் போட்டுக்கொண்டு ஒவ்வொரு மூலையிலும் ஒரு எண்ணைக் குறித்துக் கூட்டி வகுத்தால் போதும். ரயில் பிரியர்கள் இன்னொன்றும் செய்யலாம், ஊட்டி ரயிலில் ஒவ்வொரு ஸ்டேஷன் மஞ்சள் பலகையிலும் கடல் மட்டத்துக்கு மேல் எவ்வளவு என்று எழுதியிருக்கும், மேட்டுப்பாளையத்தில் 326 மீட்டர், உதகமண்டலத்தில் 2,203. அந்தப் பலகை உயரங்களைக் கூட்டி வகுத்தாலும் நம் கணக்கின் முதல் எண் கிடைக்கும்.

இங்கே மேலோட்டமாக மூன்று ஊரை எடுக்கிறேன். ஊட்டி சுமார் 2,240, குன்னூர் 1,850, கோத்தகிரி 1,790. கூட்டி மூன்றால் வகுத்தால் 1,960, கணக்குக்கு 2 கி.மீ. என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் இதே பட்டியலில் அடிவாரத்து மேட்டுப்பாளையத்தையும் சேர்த்து நான்கால் வகுத்துப் பாருங்கள், 1,550-க்கு இறங்கிவிடும். இரண்டு எண்ணில் எது சரி? மலை மேட்டுக்கு மட்டும் வேர் வேண்டுமென்றால் முதலாவது. மலையும் சுற்றுப்புறமும் சேர்ந்து எவ்வளவு அழுத்துகிறது என்று பார்க்க இரண்டாவதுதான் கிட்டே வரும். எந்த எல்லைக்குள் சராசரி எடுத்தீர்கள் என்பதை விடைக்குப் பக்கத்தில் எழுதிவையுங்கள், அது இல்லாத விடைக்கு அர்த்தமே இல்லை.

அடுத்தது அடர்த்தி. இதை வீட்டிலேயே அளக்கலாம், எனக்கு இந்தக் கணக்கில் பிடித்த பகுதியே இதுதான். கிராம் காட்டுகிற சமையலறை எலக்ட்ரானிக் தராசு ஒன்று, கிரஷரிலிருந்து வந்த கருங்கல் ஜல்லியில் கைப்பிடியளவு பெரிய துண்டு ஒன்று, நூல், வாயகன்ற டப்பா. கல்லைக் கழுவிக் காயவைத்து எடை போடுங்கள். அப்புறம் டப்பாவில் தண்ணீர் ஊற்றித் தராசில் வைத்து பூஜ்யம் ஆக்குங்கள். கல்லை நூலில் கட்டி, அடியிலும் பக்கத்திலும் முட்டாமல் முழுசாக முழுகும்படி கையில் பிடித்துத் தொங்கவிடுங்கள். தராசு இப்போது காட்டுவது கல் ஒதுக்கிய தண்ணீரின் எடை, தண்ணீர் ஒரு மில்லி ஒரு கிராம் என்பதால் அதுவே கல்லின் கன அளவு. என் கல் காய்ந்த நிலையில் 640 கிராம், தண்ணீரில் தொங்கும்போது தராசு காட்டியது 233. வகுத்தால் 2.75. கல் அடியில் உட்கார்ந்துவிட்டால் கல்லின் முழு எடையும் தராசில் ஏறி 640 காட்டும், அதை வைத்து வகுத்தால் அடர்த்தி 1 என்று வரும், முதல் தடவை என் அக்கா மகளுக்கு வந்தது அதுதான். “மாமா, இந்தக் கல்லு தண்ணியாட்டவே இருக்குதுங்க” என்றாள்.

நீலகிரியில் பெரும்பாலும் இருப்பது சார்னோக்கைட் என்ற கல், கருப்பாக, உடைத்த இடம் எண்ணெய் தடவினது போல மினுங்கும். கல்கத்தாவில் ஜாப் சார்னாக் என்ற வெள்ளைக்காரரின் சமாதிக் கல்லாக இருந்ததால் ஹாலந்து என்ற நிலவியலாளர் அதற்கு அந்தப் பெயரை வைத்தார், கல்லோ சென்னைப் பரங்கிமலையினுடையது. நம் ஊர்க் கல்லுக்குச் சமாதியில் படுத்த ஆளின் பெயர்! மேலே கிடைக்கும் கல் 2.75 என்று வந்தாலும் கணக்கில் 2.8 போடுவதற்குக் காரணம், மேலோட்டின் அடிப்பகுதி மேற்பகுதியை விடக் கனமானது, மொத்தத்துக்கும் சராசரி வேண்டும்.

இங்கேதான் ஆட்கள் அசட்டையாக விடுகிறார்கள். உயரத்தில் பத்து சதவீதம் தப்பினால் வேரிலும் பத்து சதவீதம்தான் தப்பும். அடர்த்தி அப்படியில்லை, சூத்திரத்தின் அடியில் இருப்பது இரண்டு பெரிய எண்களின் சின்ன வித்தியாசம், அதில் கை வைத்தால் விடை எகிறிவிடும். 2 கி.மீ. உயரத்துக்கே பாருங்கள்: மேலோடு 2.7 என்றால் வேர் 9 கி.மீ., 2.8 என்றால் 11.2, 2.9 என்றால் 14.5. அடர்த்தியில் மூன்று நாலு சதவீதம் ஆட்டினதற்கு வேர் கால் பங்கு ஆடுகிறது. ஆகையால் விடையை 11.237 கி.மீ. என்று எழுதுகிறவரைப் பார்த்தால் எனக்குச் சிரிப்புதான் வரும். 11 என்று எழுதுங்கள், 9-க்கும் 14-க்கும் நடுவில் எங்கேயோ என்று எழுதினால் இன்னும் நல்லது.

மூன்று எண்ணும் வந்தாயிற்று, போட்டுவிடலாம். 2 × 2.8 ÷ 0.5 = 11.2 கி.மீ. வேர். மேலோட்டின் மொத்தத் தடிமன் என்று கேட்டால் இதுவல்ல விடை. கடல் மட்டத்தில் இருக்கும் சாதாரண மேலோடு 35 கி.மீ. என்று வைத்து, மேலே மலை 2, கீழே வேர் 11.2, ஆக மொத்தம் 48.2. வேரையும் மொத்தத் தடிமனையும் குழப்புவது அடுத்த பிரபலமான தப்பு, கேள்வியில் எதைக் கேட்கிறார்கள் என்று இரண்டு தடவை படியுங்கள்.

விடை சரியா என்று பார்க்க வாத்தியாரைத் தேட வேண்டாம், தூண்களை நிறுத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். மலைத் தூண்: 48.2 × 2.8 = 134.96. சமவெளித் தூண்: 35 × 2.8 = 98, அதற்குக் கீழே 11.2 × 3.3 = 36.96, கூட்டினால் 134.96. ஒட்டிக்கு ஒட்டி. வரவில்லையென்றால் எங்கேயோ மீட்டரையும் கிலோமீட்டரையும் கலந்துவிட்டீர்கள்.

“கோயமுத்தூருக்கு வேர் இருக்குதுங்களா?” என்று அடுத்த கேள்வி. இருக்கிறது. ஊர் கடல் மட்டத்துக்கு 411 மீட்டர் மேலே, 0.41-ஐ 5.6-ஆல் பெருக்கினால் 2.3 கி.மீ. சமவெளி என்று நாம் சொன்னாலும் கடல் மட்டத்திலிருந்து பார்த்தால் கொங்கு நாடே ஒரு மேடு. கோவையைவிட நீலகிரிக்கு எவ்வளவு கூடுதல் வேர் என்று கேட்டால் உயர வித்தியாசம் 1.59-ஐப் பெருக்குங்கள், கிட்டத்தட்ட 9 கி.மீ. இரண்டு வேரையும் தனித்தனியாகப் போட்டுக் கழித்தாலும் அதேதான் வரும். எதைத் தரையாக வைத்து அளக்கிறீர்கள் என்பதை மட்டும் பாதியில் மாற்றாதீர்கள்.

இந்தச் சூத்திரம் நிஜத்தில் வேலை செய்கிறதா? திபெத் பீடபூமியைப் பாருங்கள். சராசரியாக 5 கி.மீ. உயரம், வேர் 28, கூட 35, ஆக 68 கி.மீ. நிலநடுக்க அலைகளை வைத்து அளந்தவர்கள் அங்கே மேலோடு 70 கி.மீ. அளவு என்கிறார்கள். மேலோடு முடிந்து கவசம் தொடங்கும் இடத்தில் அலையின் வேகம் சட்டென்று கூடும், அதை 1909-இல் கண்டுபிடித்தவர் மோஹோரோவிசிச் என்பதால் அந்த எல்லைக்கு மோஹோ என்று சுருக்கப் பெயர். டிக்கெட் முதுகில் போட்ட கணக்கு 70-க்கு 68 வரைக்கும் போகிறதென்றால் லேசுப்பட்டதல்ல.

ஈர்ப்பை வைத்து இன்னொரு சோதனையும் உண்டு, எனக்கு ரொம்பப் பிடித்தது. அகலமான பாறைப் பலகை ஒன்று எவ்வளவு கூடுதலாக இழுக்கும் என்பதற்கு 41.93 × அடர்த்தி × கிலோமீட்டரில் தடிமன் என்று ஒரு எளிய வழி இருக்கிறது, விடை மில்லிகாலில் வரும். மேலே 2 கி.மீ. மலை: 41.93 × 2.8 × 2 = 234.8 மில்லிகால் கூடுதல். கீழே வேரில் அடர்த்தி 0.5 குறைச்சல், தடிமன் 11.2: 41.93 × 0.5 × 11.2 = 234.8 மில்லிகால் குறைச்சல். மேலே கூடினது கீழே கழிந்துவிட்டது. ஒரு மில்லிகால் என்பது நம்மை இழுக்கும் ஈர்ப்பில் கிட்டத்தட்ட பத்து லட்சத்தில் ஒரு பங்கு, ஈர்ப்புமானி அதற்கும் குறைவாகவே அளக்கும். அளந்ததில் மலையின் பங்கைக் கழித்துவிட்டால் வேரின் குறைச்சல் மட்டும் பெரிய மைனஸ் எண்ணாக நிற்கும், அதற்குப் பெயர் பூகே முரண். பூகே என்ற பிரெஞ்சு விஞ்ஞானி 18-ஆம் நூற்றாண்டில் தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலைக்குப் போய், மலை எதிர்பார்த்த அளவு தூக்குக்குண்டை இழுக்கவில்லை என்று பிராட்டுக்கு நூறாண்டு முன்பே கண்டவர்.

அடுத்து, மலை தேய்ந்தால் என்ன ஆகும்? பவானியில் வெள்ளம் வரும்போது தண்ணீர் செம்மண் நிறத்தில் போகிறதே, அது மலையிலிருந்து கரைந்து வருகிற கனம். கனம் குறைந்தால் மிதப்பது மேலே எழும்பும், தண்ணீரில் கிடக்கும் வாழைமரத்தின் முதுகைக் கத்தியால் சீவிக்கொண்டே போனால் மரம் கொஞ்சம் கொஞ்சமாக மேலே வருவது மாதிரி. ஒரு கிலோமீட்டர் பாறை கரைந்தால் அடியிலிருந்து 2.8 ÷ 3.3, அதாவது 0.85 கி.மீ. எழும்பும், மலை உயரத்தில் நிஜமாகக் குறைவது 150 மீட்டர்தான். 2 கி.மீ. மலையை மட்டமாக்க எவ்வளவு கரைய வேண்டும்? 2-ஐ 0.15-ஆல் வகுத்தால் சுமார் 13 கி.மீ. இந்த 13 எங்கிருந்து வந்தது என்று பாருங்கள், மலை 2, வேர் 11.2, கூட்டினால் அதேதான், வேர் முழுக்க மேலே வந்து தீர்ந்தால்தான் மலை தீரும். இன்றைக்கு ஊட்டியில் தேயிலைச் செடிக்கு அடியில் கிடக்கும் சார்னோக்கைட் சுமார் 250 கோடி ஆண்டுக்கு முன்பு 20 கி.மீ.க்கும் கீழான ஆழத்தில் வெந்து உருவான கல். அதற்கு மேல் இருந்ததெல்லாம் எங்கே போனது என்று நினைத்தாலே மலைப்பாக இருக்கும்.

இனி இந்தக் கணக்கை எங்கே நம்பக் கூடாது என்று. நீலகிரிக்கு 11 கி.மீ. வேர் என்று போட்டோமே, அதை அப்படியே எடுத்துக்கொண்டால் ஒரு விபரீதம் வரும். கல்லாறு பக்கம் நின்று பாருங்கள், சில கிலோமீட்டர் தூரத்துக்குள் மலை ஒன்றரைக் கிலோமீட்டர் செங்குத்தாக ஏறிவிடுகிறது. சூத்திரத்தைக் கண்ணை மூடிக்கொண்டு போட்டால் அடியில் மோஹோவும் அதே சில கிலோமீட்டருக்குள் எட்டு ஒன்பது கிலோமீட்டர் பள்ளத்தில் விழ வேண்டும். பூமிக்கு அடியில் அப்படி ஒரு சுவர் நிற்காது. ஏரியின் கணக்கு ஒவ்வொரு தூணும் பக்கத்துத் தூணோடு ஒட்டாமல் தன்பாட்டுக்கு மிதப்பதாக வைத்துக்கொள்கிறது, நிஜத்தில் பாறை ஒன்றோடொன்று ஒட்டின கெட்டித் தகடு.

கயிற்றுக் கட்டிலில் நடுவில் ஒரு சொம்பை வையுங்கள், சொம்புக்கு நேர் கீழே மட்டுமா குழி விழுகிறது? சுற்றிலும் நான்கு கயிறு சேர்ந்து தாங்கும், குழி அகலமாகவும் மேலோட்டமாகவும் இருக்கும். அதே கட்டில் முழுக்க நெல் மூட்டை அடுக்கினால் எல்லா இடமும் ஒன்றாக அமுங்கும். திபெத் நெல் மூட்டை, நீலகிரி சொம்பு. பல நூறு கிலோமீட்டர் அகலமான மேட்டுக்கு ஏரி கணக்கு அப்படியே பொருந்தும், ஐம்பது அறுபது கிலோமீட்டர் அகல மலையின் கனத்தில் ஒரு பங்கைச் சுற்றியிருக்கும் கெட்டிப் பாறையே தாங்கிவிடும், மீதிக்குத்தான் வேர். அதனால் நீலகிரிக்கு வந்த 11-ஐ உச்சவரம்பு என்று எடுத்துக்கொள்ளுங்கள். தென்னிந்தியாவின் இந்தப் பகுதியில் நிலநடுக்க அலை வைத்து அளந்த மேலோட்டுத் தடிமன் பெரும்பாலும் 40 கி.மீ.யை ஒட்டியே வருகிறது. குப்பத்திலிருந்து பழனி வரைக்கும், அதாவது நம் கொங்கு மண்ணைக் குறுக்கே கடந்து, வெடி வைத்து அலை அனுப்பி மோஹோவைப் பார்த்த ஆய்வும் நடந்திருக்கிறது.

ஆனைமலையைப் போட்டுப் பார்க்க நினைப்பவர்கள் இன்னொன்றைக் கவனியுங்கள். நடுவில் பாலக்காட்டுக் கணவாய் சுமார் 30 கி.மீ. அகலத்துக்குத் திறந்து கிடக்கிறது, ஆடி மாசம் பொள்ளாச்சிக்கும் கோவைக்கும் காற்று அந்த வழியாகத்தான் வருகிறது. நீலகிரி, கணவாய், ஆனைமலை மூன்றுக்கும் தனித்தனியாக வேர் போட்டு வரைந்தால் படம் பார்க்க அழகாக இருக்கும், உண்மையாக இருக்காது. மூன்றையும் சேர்த்து அகலமான கட்டத்தில் சராசரி எடுத்து ஒரே வேராகப் போடுங்கள், அது நிஜத்துக்குக் கிட்டே வரும். என் வேலை போர் போட இடம் பார்க்கிறது, இருநூறு முந்நூறு மீட்டருக்குக் கீழே என்ன இருக்கிறது என்று சொல்லவே மெஷினை வைத்துக்கொண்டு முழி பிதுங்குகிறது, பக்கத்துத் தோட்டத்தில் உள்ளங்கையில் தேங்காய் வைத்துப் பார்க்கிறவர் வேறு போட்டிக்கு நிற்கிறார். நாற்பது கிலோமீட்டர் ஆழத்தைப் பற்றி இவ்வளவாவது சொல்ல முடிகிறதே.

போட்டுப் பழக ஒன்று தருகிறேன். ஏற்காடு, உயரம் 1.5 கி.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள், அடர்த்தி 2.8, 3.3, சாதாரண மேலோடு 35. வேர் எவ்வளவு, மொத்தம் எவ்வளவு, நிறுத்துப் பார்த்தால் தூண்கள் ஒத்துவருகின்றனவா, கடைசியாக அந்த வேரை எவ்வளவு நம்பலாம். அக்கா மகள் நேற்று ராத்திரி விடை அனுப்பியிருந்தாள்: வேர் 8.4, மொத்தம் 44.9, தூண் இரண்டும் 125.72, “ஆனா சேர்வராயன் மலை நீலகிரியவிடச் சின்ன சொம்புங்க மாமா, அதனால பாதிகூட இருக்காது.” அதற்குக் கீழேயே இன்னொரு வரி, தராசுக்குள் தண்ணி போய்விட்டதாம், அம்மாவுக்கு இன்னும் தெரியாதாம்.